ஒலுமடுவில் இரண்டு சில்லூறுகள்

நிலத்துச் சில்லூறு கறுப்பு.
எண்ணெய் பூசின புளியங்கொட்டைத் தலை.
வரம்போரப் பொந்துக்குள் முகத்தை வைத்து
செட்டையை வாசலில் உயர்த்தி
நாலு தட்டு,
ஒரு மூச்சு,
நாலு தட்டு
என்று யாருக்கோ கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கும்.
வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று
சாமான் ஒன்றும் எடுக்காமல் மேட்டுக்கு ஏறி
அடுத்த பொந்தைத் தோண்டும்.

இலைச் சில்லூறைக் கண்ணால் காண
எனக்கு மூன்று போகம் பிடித்தது.
தேக்கங்கன்றில் சத்தம் இருந்தது,
ஆள் இல்லை.
நிதுசன்தான் டோர்ச்சை இலைக்குப் பின்னால் பிடித்தான்.
வெங்காயச் சருகில் செய்த செட்டை.
பிஞ்சுப் பயற்றங்காயின் பச்சை.
உடம்பைவிட நீண்ட மீசை.
இலை நடுவில் தானே கடித்த ஓட்டைக்குள்
தலையை நுழைத்து
முழு இலையையும் தன் குரலாக்கி வைத்திருந்தது.
"கோயில் லவுட்ஸ்பீக்கர்காரன் தோத்தான் அக்கா" என்றான்.
அந்தச் சத்தத்தில் மூச்சு இல்லை.
இருட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
இழுத்துக் கட்டின ஒரே கொடிக்கயிறு.

இரண்டிலும் ஆண்தான் கத்தும்.
பெண்ணுக்குக் கேட்கிற வேலை.
காது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே,
என்று அவன் எங்கோ வாசித்திருக்கிறான்.
நடக்கும்போதும் கேட்டுக்கொண்டே நடப்பாள்போல.

எங்களுக்கு இது பூச்சிப் படிப்பில்லை.
ஒன்றரை ஏக்கர் கச்சான்.
ஈட்டில் இருக்கிற தோடு.
பாலைமரத்தில் பரண்.
வனஜீவராசிக்காரர் தந்த நாலு வெடி,
அதில் இரண்டு நனைந்தது.
பெரியவர் வருவது மண்ணுக்குத்தான் முதலில் தெரியும்
(இரவில் அவருடைய பெயரை நாங்கள் சொல்வதில்லை).
பஞ்சுப் பாதம், சுள்ளிகூட முறியாது.
ஆனால் காட்டோரத்து நிலத்துச் சில்லூறு
நாலில் இரண்டைத் தட்டி நிறுத்தும்.
பிறகு அதற்கு இப்பால் உள்ளது.
பிறகு அதற்கும் இப்பால்.
வரம்பு வரம்பாக மௌனம் எங்களிடம் நடந்து வரும்.
மேலே இலையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது,
பாடிக்கொண்டே இருப்பார்.
முதல் வருசம் அவரை நம்பித்தான்
தெற்கு மூலையைப் பறிகொடுத்தோம்.

அதனால் பழகினேன்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல
மேல் சத்தத்தை ஒதுக்கிக் கீழ்ச் சத்தத்தை எடுக்க.
வலது காதால்.

இடது காதில் வேறொன்று இருக்கிறது.
கறுப்பா பச்சையா தெரியாது.
மாத்தளனில் ஒரு மத்தியானம் குடியேறியது.
முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்,
"என்ன மாதிரிச் சத்தம்? மணியா, காத்தா?"
"சில்லூறு" என்றேன்.
எந்தச் சில்லூறு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
நிலத்தாரைப்போல எண்ணத் தெரியாது,
இலையாரைப்போல விடியக் களைக்காது,
தண்ணீர் திறந்தாலும் வெளிக்கிடாது,
பெரியவர் வந்தாலும் நிற்காது.

போன ஞாயிறு நிதுசன்
இரண்டையும் போனில் பதிந்து போட்டுக் காட்டினான்.
நிலம், இலை, நடுவில் அவனுடைய இருமல்.
"உங்கட மூண்டாவதையும் பிடிப்பம்" என்று
போனை என் இடது காதடியில் வைத்து
ஒரு நிமிசம் மூச்சடக்கினான்.
திருப்பிக் கேட்டபோது,
தோட்டுக்குப் பதில் செருகியிருக்கும் வேப்பங்குச்சி
உரசுகிற சத்தம் மட்டும்.
அவனும் அங்கேதான் இருந்தவன், மூன்று வயதாக.
ஒரு சத்தமும் நினைவில்லையாம்.

இப்போது மணி இரண்டரை.
அவன் சாக்குக்குள் சுருண்டுவிட்டான்.
வலது காது மேலே இருக்க
இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கிறேன்,
மூன்றாவதைத் தலையணைக்குள் அமத்தி.

நாலு தட்டு.
ஒரு மூச்சு.
நாலு தட்டு.
ஒரு மூச்சு.
இரண்டு.

நிதுசன், எழும்பு.